ஹோம் தியேட்டர் ரிசீவர்: பெட்டியைத் திட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

எங்கள் வீட்டுக்கு ரிசீவர் (டிவி, பிளேயரின் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வந்து பதினோரு மாதம் நான் 5.1 (ஐந்து ஸ்பீக்கருக்கும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி ஒலி) கேட்கிறேன் என்ற நினைப்பில் வெறும் ஸ்டீரியோவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. ஒருநாள் தூசி தட்டும்போதுதான் பெட்டியின் முகப்பில் இருந்த சின்னத் திரையைக் கவனித்தேன். 'பிசிஎம்' (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்று காட்டிக்கொண்டிருந்தது. டிவி எல்லா ஒலியையும் இரண்டு சேனலாகக் குறுக்கி அனுப்ப, ரிசீவர் பாவம், கையில் கிடைத்த இரண்டை ஐந்தாகப் பரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. டிவியின் ஒலி மெனுவில் ஒரே ஒரு செட்டிங்தான். மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து யார் வந்து "ரிசீவர் சரியில்லை, வாங்கினதே தண்டம்" என்று புலம்பினாலும் நான் முதலில் கேட்பது, முகப்புத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்தவரை ரிசீவர் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை ஒயரிலும் செட்டிங்கிலும் போய்த்தான் முடிகின்றன. பெட்டியே பழுதானது எப்போதாவதுதான். ஆகவே கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒயர்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஸ்பீக்கர் ஒயரைத் தொட வேண்டும். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, ஸ்டாண்ட்பையில் இருக்கும் ரிசீவரை டிவி தானாக எழுப்பிவிடும்.

ஒயர் நுனியில் சுமார் ஒரு செண்டிமீட்டர் உறையை மட்டும் சீவி, உள்ளே இருக்கும் செம்பு இழைகளை விளக்குத்திரி திரிப்பதுபோல இறுக்கமாகத் திரித்துவிட்டு முனையில் செருகுங்கள். இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், ஒரு சாயங்காலம் முழுக்க ஆம்ப்ளிஃபயர் எரிந்துவிட்டது என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஆன் செய்தால் 'டக்' என்று ஒரு சத்தம், இரண்டு நொடியில் அணைந்துவிடும், பிறகு சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டும். பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் சென்டர் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரே ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஷார்ட் ஆனதும் ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பாதுகாப்பு நிலையில் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அணையாமல் இருந்தால் கோளாறு வெளியே எங்கோ இருக்கிறது. ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வந்தால் எந்த ஒயர் என்று பிடிபட்டுவிடும் (மாட்டும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்க மறக்காதீர்கள்). எந்த ஒயரும் இல்லாமலே அணைந்தால் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒயரின் ஒரு பக்கத்தில் கோடோ எழுத்தோ இருக்கும், அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்க ஸ்பீக்கர் இரண்டில் ஒன்று மட்டும் மாறிப்போனால் எதுவும் எரியாது, ஆனால் பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) காணாமல் போகும், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் அலையும். விலை உயர்ந்த ஒயர் தேவையில்லை. சாதாரண அறைக்கு 16 கேஜ், ரொம்ப நீளம் போகிறதென்றால் 14 கேஜ் (எண் குறைந்தால் ஒயர் தடிமன் என்று அர்த்தம்). ஒரே முனையில் இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்து மாட்டும் வேலை மட்டும் வேண்டாம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் அப்படிச் சேர்ந்தால் 4 ஓம் ஆகிவிடும், பல ரிசீவர்களுக்கு அந்தச் சுமை ஆகாது.

சூடு பற்றி ஒரு வார்த்தை. ரிசீவர் சூடாவது இயல்பு. மேலே ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள், செட்டாப் பாக்ஸைத் தலைமேல் ஏற்றி வைக்காதீர்கள், கதவு போட்ட அலமாரிக்குள் பூட்டாதீர்கள். ஒரு மணி நேரம் ஓடி, அப்புறம் தானாக அணைகிறது என்று சொல்பவர்களின் பெட்டி பெரும்பாலும் காற்றுப் போக வழியில்லாமல்தான் இருக்கும்.

எதை எங்கே செருகுவது

பிளேயர், கேம் கன்சோல், செட்டாப் பாக்ஸ் எல்லாம் ரிசீவருக்குள் போகட்டும், ரிசீவரிலிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள் டிவிக்குப் போகட்டும். என் கணக்கில் இதுதான் தலைவலி குறைந்த வழி. டிவியிலேயே இருக்கும் செயலிகளின் ஒலி அதே கேபிளில் ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாகத் திரும்பி வரும். டிவியில் நான்கு எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் ஏஆர்சி அல்லது அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி என்று எழுதியிருப்பது பொதுவாக ஒன்றுதான். ரிசீவரின் வெளிச்செல்லும் துளைகளிலும் அப்படித்தான். இரண்டு முனையும் சரியான துளையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல டிவிகளில் சிஇசி (எச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி இன்னொன்றைக் கட்டுப்படுத்தும் வசதி) என்ற ஒன்றை ஆன் செய்தால்தான் ஏஆர்சி உயிர்பெறும், அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு செல்லப்பெயர் வைத்திருப்பதால் மெனுவில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

ஏஆர்சியா இஏஆர்சியா என்று ரொம்பப் பேர் குழம்புகிறார்கள். ஏஆர்சி வந்தது 2009இல், எச்டிஎம்ஐ 1.4உடன். இஏஆர்சி வந்தது 2017இல், 2.1உடன். பழைய ஏஆர்சியில் டால்பி டிஜிட்டல் ப்ளஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவம் போகும், ஸ்ட்ரீமிங் செயலிகளின் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி வடிவம்) பெரும்பாலும் அதற்குள் பொதிந்துதான் வருகிறது. ஆக ஸ்ட்ரீமிங் மட்டும் பார்ப்பவர்கள் இஏஆர்சி இல்லையே என்று பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. ப்ளூரே வட்டில் வரும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற உயர்தர ஒலி வடிவங்கள், சுருக்கப்படாத பல சேனல் பிசிஎம் இவையெல்லாம் டிவி வழியாகச் சுற்றி வர வேண்டுமென்றால்தான் இஏஆர்சி தேவை. பிளேயரை நேராக ரிசீவரில் மாட்டினால் அந்தக் கேள்வியே எழாது. ஆப்டிகல் கேபிளில் டால்பி டிஜிட்டல் 5.1ம் சாதாரண டிடிஎஸ்ஸும் போகும், அதோடு சரி. அட்மாஸை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது என்னைப் பதினோரு மாதம் ஏமாற்றிய விஷயம். டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் என்பதற்குக் கீழே பிசிஎம், ஆட்டோ, பாஸ்த்ரூ, பிட்ஸ்ட்ரீம் என்று ஏதாவது இருக்கும் (கடைசி இரண்டும் ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புபவை). பிசிஎம்மில் இருந்தால் ஆட்டோவுக்கோ பாஸ்த்ரூவுக்கோ மாற்றுங்கள். பிளேயரில் பிட்ஸ்ட்ரீம். ப்ளூரே பிளேயர்களில் கூடுதலாக 'செகண்டரி ஆடியோ' என்றோ 'ஆடியோ மிக்ஸ்' என்றோ ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். அது ஆனில் இருந்தால் மெனுவின் டிக் டிக் சத்தத்தைக் கலப்பதற்காக, வட்டில் இருக்கும் உயர்தர ஒலியை இறக்கிக் கொடுத்துவிடும்.

மாற்றியதும் ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்திப் பாருங்கள். உள்ளே வருவது என்ன, வெளியே எந்த ஸ்பீக்கர்களுக்குப் போகிறது என்று தனித்தனியாகக் காட்டும். நான் ஏமாந்தது இங்கேதான், வெளியே ஐந்து கட்டமும் எரிவதைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டேன், உள்ளே வருவது இரண்டு என்பதைப் பார்க்கவில்லை. அதற்காக பிசிஎம் என்ற எழுத்தைப் பார்த்தாலே பதற வேண்டாம். கேம் கன்சோல்கள் பல சேனலை பிசிஎம்மாகவே அனுப்பும், அப்போது 'மல்ட்டி' என்று சேர்த்துக் காட்டும், அது சரிதான். படமோ சேனலோ உண்மையிலேயே ஸ்டீரியோவாக இருந்தாலும் இரண்டுதான் வரும். சந்தேகமாக இருந்தால் 5.1 என்று உறுதியாகத் தெரிந்த ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள்.

டிடிஎஸ் ஒலி மட்டும் ஊமையாக இருக்கிறதா? சில டிவிகள் டிடிஎஸ்ஸை உள்ளே விடுவதே இல்லை. பிளேயரை ரிசீவரில் மாட்டுங்கள், தீர்ந்தது.

படம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 4கே எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடிய படம்) நிறம் வரவில்லை என்றால் ரிசீவர் மெனுவில் அந்தந்த எச்டிஎம்ஐ துளைக்கான சிக்னல் அளவு 'ஸ்டாண்டர்ட்' என்றே இருக்கலாம், 'என்ஹான்ஸ்ட்' ஆக்க வேண்டும், டிவியிலும் அதேபோல ஒன்று இருக்கும். ஆக்கியபின் திரை விட்டுவிட்டுக் கறுத்தாலோ வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ கேபிளைச் சந்தேகப்படுங்கள். 2020இல் வந்த முதல் எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்களில் ஒரு சிப் கோளாறு இருந்தது, புதிய கேம் கன்சோலிலிருந்து 4கே 120 ஹெர்ட்ஸ் படத்தை அவற்றால் ஒழுங்காகக் கடத்த முடியவில்லை. அன்று வாங்கியவர்கள் கடைப்பிடித்த ஒரு வழி இன்றைக்கும் பழைய ரிசீவர்காரர்களுக்கு உதவும்: கன்சோலை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும் இஏஆர்சி வழியாக ரிசீவருக்கு எடுப்பது. அதாவது படத்துக்காக ரிசீவரை மாற்ற வேண்டிய அவசியமே பலருக்கு இல்லை.

நேற்று வரை வேலை செய்தது இன்று வரவில்லை என்றால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்து முதலில் டிவி, பிறகு ரிசீவர், கடைசியில் பிளேயர் என்று போடுங்கள். எச்டிஎம்ஐயில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதில் வரும் குழப்பம் இதில் பெரும்பாலும் சரியாகும். ஏன் சரியானது என்று ஆராயாதீர்கள், நானும் விட்டுவிட்டேன்.

மைக் வைத்து அளப்பது

பெட்டியோடு வரும் சின்ன மைக்கைப் பிரிக்காமலேயே வைத்திருப்பவர்கள் நிறைய பேர். இந்த அளக்கும் வசதிக்கு ஆடிஸி, ஒய்பிஏஓ, டிராக் லைவ் என்று பெயர்தான் வேறு வேறு, வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சோதனை ஒலியை விட்டு, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு சத்தம் தருகிறது, அறை அதை எப்படிக் கெடுக்கிறது என்று அளந்து சரிசெய்வது.

மைக்கை நீங்கள் உட்காரும் இடத்தில், காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். கையில் பிடிக்காதீர்கள், சோபா முதுகில் சாய்க்காதீர்கள், கேமரா ஸ்டாண்ட் இருந்தால் உத்தமம். ஃபேன், ஏசி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சப்வூஃபரின் பின்னால் இருக்கும் வால்யூம் திருகை நடுவில் வைத்து, கிராஸ்ஓவர் (எந்த ஒலி வரை சப்வூஃபர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எல்லை) திருகை அதிகபட்சத்துக்குத் திருப்புங்கள், அந்த வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். பல இடங்களில் அளக்கச் சொன்னால் அறையின் மூலை முடுக்குக்கெல்லாம் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். முதல் அளவை உங்கள் தலை இருக்கும் இடத்திலேயே எடுங்கள், மற்றவற்றை அதைச் சுற்றி அரை மீட்டருக்குள் எடுங்கள். எங்கள் வீட்டில் முதல்முறை அளந்தபோது நடுவில் யாரோ பிரஷர் குக்கரை இறக்கிவிட்டார்கள், வலது சரவுண்ட் (பக்கவாட்டு ஸ்பீக்கர்) மட்டும் பல நாள் அசுரத்தனமாகக் கத்திக்கொண்டிருந்தது. மறுபடி அளந்த பிறகுதான் அடங்கியது.

முடிந்ததும் அப்படியே விட்டுவிடாமல் முடிவைத் திறந்து பாருங்கள். ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று போட்டிருந்தால் 'ஸ்மால்' ஆக்குங்கள். இதில் பலருக்கு மானப்பிரச்சினை வந்துவிடுகிறது, ஆளுயர ஸ்பீக்கர் வாங்கிவிட்டு அதைப் போய் ஸ்மால் என்பதா என்று. அது உருவத்தைக் குறிக்கும் சொல் இல்லை. பேஸைச் சப்வூஃபருக்குத் திருப்பிவிடு என்பதற்கான கட்டளை. கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள், டிஎச்எக்ஸ் என்ற சினிமா ஒலித் தரம் சொல்வதும் அதுதான். ரிசீவர் ஒரு ஸ்பீக்கருக்கு 120 என்று கணித்திருந்தால் அதை 80க்கு இறக்காதீர்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே போக முடியாது என்று அளந்துதான் சொல்லியிருக்கிறது. 40 என்று கணித்ததை 80க்கு ஏற்றலாம், தப்பில்லை.

அப்புறம் தூரம். மூன்று மீட்டரில் இருக்கும் சப்வூஃபரை ஐந்து மீட்டர் என்று காட்டும். டேப் வைத்து அளந்து "இந்த மைக் பொய் சொல்கிறது" என்று திருத்திவிடாதீர்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செண்டிமீட்டர் போகும். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்னணு வேலையால் ஒலி ஆறு மில்லிசெகண்ட் தாமதமானால் அதை ரிசீவர் இரண்டு மீட்டர் கூடுதல் தூரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மற்ற ஸ்பீக்கர்களில் காட்டும் தூரம் உண்மைக்கு எட்டாமல் இருந்தால் மட்டும் மறுபடி அளந்து பாருங்கள். அளந்தபின் பேஸ் குறைந்துவிட்டதே என்று தோன்றினால் சப்வூஃபர் அளவை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

மைக்கால் சரிசெய்ய முடியாத ஒன்று, சப்வூஃபர் இருக்கும் இடம். மூலையில் தள்ளினால் குமுறும், சில இடங்களில் வைத்தால் பேஸே இருக்காது. நல்ல இடம் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கேலிக்கூத்தான வழி ஒன்று உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவின் மேல் வைத்துவிட்டு, பேஸ் நிறைந்த ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில், குமுறாமல் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது. இடத்தை மாற்றினால் மறுபடி மைக் வைத்து அளக்க வேண்டும்.

வசனம் கேட்கவில்லை, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது

எல்லோரும் சொல்லும் புகார் இது. வசனம் முக்கால்வாசி சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது, ஆனால் அதைத்தான் டிவிக்குக் கீழே அலமாரியின் ஆழத்தில் தள்ளி, முழங்காலைப் பார்த்தபடி வைக்கிறோம். விளிம்புவரை முன்னால் இழுங்கள், கீழே ஒரு ரப்பர் துண்டு வைத்து முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். பிறகும் போதவில்லை என்றால் சென்டர் அளவை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டுங்கள். ராத்திரி பார்ப்பவர்களுக்கு டைனமிக் கம்ப்ரஷன் அல்லது நைட் மோடு என்று ஒன்று இருக்கும், சத்தமான இடத்தை அடக்கி மெதுவான இடத்தைத் தூக்கிவிடும். பகலில் அணைத்துவிடுங்கள், படத்தின் உயிரே போய்விடும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தால் டிவியின் சொந்த ஸ்பீக்கரும் கூடவே பேசிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உதடு ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம் போனால் எது முந்துகிறது என்று முதலில் கவனியுங்கள். ஒலி முந்தினால் ரிசீவரில் ஆடியோ டிலேயை 20 மில்லிசெகண்ட் படியில் கூட்டிக்கொண்டே போங்கள். ஒலி பிந்தினால் ரிசீவரால் அதை முன்னால் இழுக்க முடியாது. ரிசீவரிலும் டிவியிலும் உள்ள டிலேயைப் பூஜ்ஜியம் ஆக்கி, டிவியில் பாஸ்த்ரூ போட்டுப் பாருங்கள்.

வால்யூம் -30 என்று காட்டுவதைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. 0 என்பது சினிமா அரங்க அளவு, ஒவ்வொரு சேனலிலும் உச்சச் சத்தம் 105 டெசிபல் வரை போகும். வீட்டில் -25, -20இல் கேட்பது சாதாரணம்தான். வாட் கணக்கும் அப்படித்தான்: 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல், அதற்காகப் பெரிய பெட்டிக்கு ஓட வேண்டாம்.

ரீசெட்டுக்கு முன்

ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேசவில்லையா? ரிசீவரின் பின்னால் இடது வலது ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். ஊமை மறுபக்க ஸ்பீக்கருக்குப் போனால் கோளாறு ரிசீவரில், அதே ஸ்பீக்கரே இன்னும் ஊமையாக இருந்தால் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ. ம்ம்ம் என்று தாழ்வாக ஓர் இரைச்சல் விடாமல் கேட்டால் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். டிவிக்கு வரும் கேபிள் ஒயரோ ஆண்டெனா ஒயரோ காரணமாக இருப்பது அதிகம். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஷாக் அடிப்பதைத் தடுக்க இருப்பதே அதுதான்.

ஃபர்ம்வேர் (ரிசீவரின் உள் மென்பொருள்) அப்டேட் ஓடும்போது மின்சாரம் போனால் பெட்டி செயலிழந்துபோகலாம், மழை இடி நேரத்தில் அதைத் தொடங்க வேண்டாம். ஃபேக்டரி ரீசெட் கடைசி ஆயுதம், பல விசித்திரக் கோளாறுகள் அதில் தீர்வது உண்மைதான், ஆனால் மைக் அளவுகள், துளைகளுக்கு வைத்த பெயர்கள், கிராஸ்ஓவர் எல்லாம் அழிந்துவிடும். ரிசீவரில் சேமிக்கும் வசதி இருந்தால் சேமித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிவித் திரையில் ஒவ்வொரு செட்டிங் பக்கமாகத் திறந்து போனில் படம் எடுத்துவிட்டு ரீசெட் போடுங்கள். என் போனில் அப்படிப் பதினான்கு படம் இருக்கிறது, இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது.